கேள்வி மாணவருடையது

இங்கிலாந்தில் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளைச் ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்பார்கள். பதினாறு வயதில் பொதுத் தேர்வை முடித்த பிள்ளைகள் மூன்று பாடங்களையோ நான்கு பாடங்களையோ மட்டும் எடுத்து ஏ லெவல் படிக்கிற காலம் அது. தமிழ்நாட்டில் அதற்குப் பிளஸ் ஒன், பிளஸ் டூ; இலங்கையில் உயர்தரம். ஏ லெவலில் புவியியல் எடுத்த ஒருவர் வகுப்பறைக்குள் மட்டும் இருந்து படித்துத் தேறிவிட முடியாது. 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் குறைந்தது நான்கு நாள் களத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. இயற்கைப் புவியியல், மானிடப் புவியியல் இரண்டும் அந்த நான்கு நாளுக்குள் வர வேண்டும். அவை உண்மையிலேயே நடந்தன என்று பள்ளி தேர்வுச் சபைக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியை எழுப்பி, தரவு திரட்டி, 3000 முதல் 4000 சொற்களில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அந்த அறிக்கைக்கு.

லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் இந்தப் பயணத்தைத் திட்டமிடுவது என் வேலை. பஸ், படுக்கை, சாப்பாடு, மழைச்சட்டை, கடல் எப்போது வற்றும் என்பதுவரை எல்லாவற்றையும் நானே முடிவு செய்கிறேன். கேள்வியை மட்டும் முடிவு செய்வதில்லை. விதியும் அப்படித்தான் சொல்கிறது. தலைப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து “இதில் ஒன்றை எடு” என்று சொல்ல ஆசிரியருக்கு அனுமதியில்லை. விதி இல்லாமல் இருந்தாலும் நான் பட்டியல் கொடுக்க மாட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவள். ஓங்கல், மணல்நாக்கு, கடனீரேரி எல்லாவற்றுக்கும் படம் வரைந்து நிறம் தீட்டி அம்புக்குறி போட்டிருக்கிறேன். குடாநாட்டின் வடகரையில் பெரும்பகுதி அப்போது உயர் பாதுகாப்பு வலயம். கடலுக்குச் சில மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடலைக் கொப்பியில் படித்தோம். விடை எங்களுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி என்ன என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம்.

திகதி குறிக்க உட்காரும்போது நான் முதலில் திறப்பது ஓத அட்டவணையை. கரையின் சரிவை அளக்க வேண்டுமானால் கடல் வற்றியிருக்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாகப் பெருகி மிக அதிகமாக வற்றும். நாங்கள் போகும் தென் டெவன் கரையில் அந்தப் பெருவற்று நண்பகலை ஒட்டி வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பாமலே வேலையை முடிக்கலாம் என்பதால் எனக்கு அது பெரிய வசதி. வற்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். திங்களன்று காலை 10.30க்கு என்றால் வியாழனன்று பகல் ஒரு மணிக்கு. எனவே எங்கள் நேர அட்டவணையில் இரண்டு நாட்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. சாப்பாட்டு நேரம்கூடச் சந்திரனைப் பார்த்து நகரும்.

பருவம் என்று பார்த்தால், சிக்ஸ்த் ஃபார்மின் முதல் ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தவணையே சரி என்பது என் முடிவு. குளிர்காலத்தில் தங்குமிடக் கட்டணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும். அதைவிட முக்கியம், கரையோரப் பாடமும் புள்ளியியலும் முடியாமல் போகும் பிள்ளைக்கு அந்தக் கரை வெறும் உல்லாசப் பயணம். ஜூன் கடைசியில் போனால், விட்டுப்போன தரவைத் திரட்டவும் எழுதவும் கோடை விடுமுறை முழுதும் கையில் இருக்கும்.

இனி இடம். பிரிட்டனில் களஆய்வுக்கென்றே தங்குமிடங்கள் நடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது: ஃபீல்ட் ஸ்டடீஸ் கவுன்சில். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1943இல், மாணவரை நேரே நிலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்டது. அதன் முதல் மையம் 1946இல் ஃபிளாட்ஃபோர்ட் மில்லில் திறந்தது. 1959இல் டெவனில் ஸ்லாப்டன் என்ற சிற்றூரில் இன்னொன்று. நாங்கள் தங்குவது அங்கேதான். ஆய்வுக்கூடம், கருவிகள், ரப்பர் பூட்ஸ், மழைச்சட்டை எல்லாம் மையத்திலேயே கொடுப்பார்கள். விலை கூடிய பூட்ஸ் வாங்க வேண்டுமே என்று எந்தப் பெற்றோரும் கவலைப்படத் தேவையில்லை என்பதை முதல் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போடுகிறேன்.

ஸ்லாப்டனை நான் விடாமல் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அந்தக் கரைதான். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கூழாங்கல் திட்டு. அதன் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்மேற்கு இங்கிலாந்தின் மிகப்பெரிய இயற்கை நன்னீர் ஏரி. இரண்டுக்கும் நடுவே, திட்டின் முதுகிலேயே ஏ379 நெடுஞ்சாலை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, கடலடியில் கிடந்த கற்களை அலைகள் கரைநோக்கித் தள்ளிக்கொண்டு வந்து குவித்ததால் உண்டான திட்டு அது. இன்று புதிதாகக் கல் பெரிய அளவில் வந்து சேர்வதில்லை. விரிகுடா கிழக்குப் பக்கம் திறந்திருக்கிறது. வழக்கமான தென்மேற்குக் காற்றை ஸ்டார்ட் பாயின்ட் முனை ஓரளவு தடுத்துக்கொள்ளும். கிழக்கிலிருந்து புயல் வந்தால் தடுக்க ஒன்றுமில்லை. 2001இலும் 2018 மார்ச்சிலும் அப்படி வந்த புயல்கள் சாலையை அறுத்துவிட்டன. இரண்டு முறையும் சாலையை ஏரிப் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். இன்னும் எத்தனை முறை நகர்த்துவது, ஒரு நாள் கடலுக்கே விட்டுவிடுவதா என்பது அங்கே தேநீர்க் கடைவரை நடக்கும் விவாதம். இயற்கைப் புவியியலும் மானிடப் புவியியலும் ஒரே இடத்தில் இவ்வளவு நெருங்கி நிற்கும் கரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தெற்கே சில மைல் தள்ளி ஹால்சாண்ட்ஸ் இருக்கிறது. இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஓங்கலின் அடியில், கூழாங்கல் கரையை நம்பி 37 வீடுகளோடு ஒரு மீனவக் கிராமம். 1890களில் பிளிமத் நகரின் டெவன்போர்ட் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்கக் கொங்கிரீட்டுக்குக் கல் தேவைப்பட்டது. 1897இலிருந்து 1902வரை ஹால்சாண்ட்ஸுக்கு முன்னால் கடலடியிலிருந்து ஏறக்குறைய ஆறரை லட்சம் டன் கல்லை வாரினார்கள். கடல் தானே மறுபடி கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று நம்பினார்கள். நிரப்பவில்லை. ஊருக்கு அரணாக இருந்த கரை தாழ்ந்துகொண்டே போனது. மீனவர்கள் முறையிட்டார்கள், கல் வாருவது நின்றது, ஆனால் போன கல் திரும்பவில்லை. 1917 ஜனவரி 26 இரவு கிழக்குப் புயலும் பெருக்கும் சேர்ந்து வந்தன. உயிரிழப்பு இல்லை, ஊர் போய்விட்டது. குடியிருக்கத் தக்கதாக மிஞ்சியது ஒரு வீடு. அந்த வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி 1964இல் இறக்கும்வரை இருந்தார்.

இந்தக் கதையை எந்த நாளில் காட்டுவது என்பது நான் மிக யோசித்து எடுக்கும் முடிவுகளில் ஒன்று. முதல் நாளே ஹால்சாண்ட்ஸுக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் உருகிப்போவார்கள். மறுநாள் எல்லோருடைய கேள்வியும் ஹால்சாண்ட்ஸ் பற்றியதாகவே இருக்கும். விடையை ஆசிரியை காட்டிவிட்டாள், அதற்குப் பொருத்தமாக ஒரு கேள்வி எழுதினால் போதும் என்று ஆகிவிடும். ஆகவே இரண்டு நாள் தங்கள் கையால் கல்லை அளந்த பிறகே அங்கே போகிறோம். அப்போது அந்த ஆறரை லட்சம் டன் என்ற எண்ணுக்கு அவர்களுடைய கையில் ஒரு கனம் வந்திருக்கும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதை அறியாமல் எத்தனையோ குடும்பங்கள் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பொதுத் தேர்வுப் பாடத்திட்டத்தின் பகுதியாக நடக்கும் களஆய்வுக்கு அரசுப் பள்ளி கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் மட்டும் வாங்கலாம். அதிலும் குறிப்பிட்ட அரசு உதவிகள் பெறும் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. பஸ்ஸுக்கும் மற்றச் செலவுக்கும் பெற்றோர் விரும்பினால் கொடுக்கலாம் என்று கேட்கலாம். கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. 16 முதல் 19 வயது மாணவர்க்கென்று உதவித்தொகை நிதியும் இருக்கிறது. இப்படியெல்லாம் இருந்தும் வீட்டில் கடிதத்தைக் காட்டாமலே “எனக்கு வர விருப்பமில்லை, மிஸ்” என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்த ‘விருப்பமில்லை’யைக் கேட்டால் நான் அவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவேன். பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது பணம். ஒரு வருடத்துக்கு முன்பே திகதி குறிப்பதும், மாதம் மாதம் சிறிது சிறிதாகக் கட்ட வழி செய்வதும் அதனால்தான். இடத்தின் அழகை விட, எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் ஏறினார்களா என்பதுதான் ஒரு பயணத் திட்டத்தின் தரம்.

காரணம் பணமாக இல்லாவிட்டால் பயம். பெற்றோர் கூட்டத்தில் எங்கள் தமிழ்த் தாய்மார் கடைசிவரை இருந்து, மற்றவர்கள் போனபின் என்னிடம் வருவார்கள்.

“ரீச்சர், அவள் இதுவரைக்கும் மாமி வீட்டிலகூட ஒரு இரவு தங்கினதில்லை. நீங்கள் கூட நிப்பீங்கள்தானே?”

“நிப்பன் அக்கா. பொம்பிளைப் பிள்ளையளின்ர அறைக்குப் பக்கத்து அறை என்ர.”

“சாப்பாடு? வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாள்.”

“முதலே எழுதித் தாங்கோ. சமையலறைக்கு நான் அனுப்பிவிடுவன்.”

இந்தக் கேள்விகளை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. மரக்கறி உணவு, ஹலால் உணவு, தொழுகைக்கு ஒரு மூலை, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், இரவில் தூக்கம் வராத பிள்ளை யாரிடம் வர வேண்டும், எல்லாம் என் தாளில் இருக்கும். தாய் நம்பினால்தான் பிள்ளை நிம்மதியாக வேலை செய்யும்.

பாதுகாப்புத் திட்டத்தை எழுதுவதற்கு முன் இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் இருக்கக் கூடாது. 1993 மார்ச்சில் பக்கத்து லைம் விரிகுடாவில் கயாக் படகில் போன பள்ளிப் பயணத்தில் பிளிமத்தைச் சேர்ந்த நான்கு பதின்வயதினர் இறந்தார்கள். அதன் பிறகு 1995இல் சாகச நடவடிக்கை மையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. நாங்கள் படகில் ஏறுவதில்லை. ஆனால் அந்த நால்வரின் நினைவு, எழுதும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்லாப்டன் கரை நீருக்குள் சட்டென்று ஆழமாகும். முழங்கால் நீரில் நிற்பவரையும் திரும்பும் அலை கற்களோடு இழுத்துவிடும். ஆகவே நீருக்கும் மாணவருக்கும் நடுவே எப்போதும் ஒரு பெரியவர், கடலைப் பார்த்தபடி. இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஏ379. கிராமத்துச் சாலைதானே என்று நினைத்துக் கடப்பார்கள். கார்கள் நெடுஞ்சாலை வேகத்தில் வரும். நேரில் நின்று பார்த்திராவிட்டால் கடலைப் பற்றி இரண்டு பக்கமும் சாலையைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருப்பேன்.

லண்டனிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரவே அரைநாள் ஆகிவிடும். முதல் நாள் மாலை எந்தக் கருவியும் இல்லை. கரையின் தென்கோடியில் டொர்குரொஸ் என்ற ஊரில், கடலிலிருந்து 1984இல் தூக்கியெடுத்த ஒரு பழைய அமெரிக்க டாங்கி நிற்கிறது. நார்மண்டி படையிறக்கத்துக்கு ஒத்திகை பார்க்க 1943 இறுதியில் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 3000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஏப்ரலில் ஒத்திகைக்கு வந்த கப்பல்களை ஜெர்மன் படகுகள் தாக்கி 700க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். டாங்கி அவர்களின் நினைவுக்கு. அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் பேசாமல் நடந்து, கண்ணில் படுவதையெல்லாம் கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான் முதல் நாள் வேலை.

இரண்டாம் நாள் முறைகள். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கம்புகளைச் சரிவு மாறும் இடங்களில் ஊன்றி, கிளைனோமீட்டரில் கோணம் பார்த்து, நாடாவில் தூரம் அளந்தால் கரையின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். கற்களைக் காலிப்பரால் அளக்க வேண்டும். எந்தக் கல்லை எடுப்பது என்பதில்தான் உண்மையான பாடம். கண்ணால் தேர்ந்தால் கை அழகான கல்லிடம்தான் போகும். அதனால் குறித்த இடத்தில் கண்ணை மூடிக் குனிந்து, விரல் முதலில் தொட்ட கல்லையே எடுக்கச் சொல்கிறோம். எங்கே எங்கே எடுப்பது, சம தூரத்திலா, எழுந்தமானமாகவா, கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்தா என்பது அவர்களே வாதாடி முடிவெடுக்க வேண்டியது. அளந்த கல்லை அங்கேயே போட்டுவிட வேண்டும். அது தேசிய இயற்கைக் காப்பகம். ஹால்சாண்ட்ஸை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மக்களிடம் கேட்கும் வேலையில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. டொர்குரொஸ் போன்ற சிற்றூரில் பள்ளிக்குப் பின் பள்ளியாக வந்து வினாத்தாள் நீட்டினால், அங்கிருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்? ஆகவே பெரும்பாலான நேர்காணல்களை டார்ட்மத், கிங்ஸ்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் வைக்கிறோம். விடுமுறை வீடுகள் பெருகி, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாத விலையில் நிற்கும் பகுதி இது. பேசுவதற்கு மக்களிடம் நிறைய இருக்கிறது. முதலில் அனுமதி, பெயர் கேட்கக் கூடாது, நன்றி சொல்லாமல் நகரக் கூடாது.

அட்டவணையில் ஒரு பிற்பகலை நான் வெறுமையாக விட்டுவிடுகிறேன். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை எதுவும் எழுதியிருக்காது. பார்ப்பவர்கள் எல்லோரும் அதை நிரப்பச் சொல்வார்கள்: இன்னொரு ஆறு, இன்னொரு கரை, இன்னொரு பயிற்சி. நான் விடுவதில்லை. அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளைகள் தாங்கள் எழுதிய குறிப்புகளோடு உட்கார்ந்து, எது தங்களை உறுத்துகிறது என்று யோசிக்கிறார்கள். டொர்குரொஸிலிருந்து வடக்கே போகப் போகக் கல்லின் அளவு மாறுகிறதா? ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் காட்டுப் பகுதியில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வேகமும், மேய்ச்சல் நிலத்தில் இறங்கும் வேகமும் ஒன்றா? சாலை வேண்டும் என்பவர்களும் விட்டுவிடலாம் என்பவர்களும் எத்தனை காலமாக அந்த ஊரில் இருப்பவர்கள்? ஒரு மாணவி, கடலோரச் சுவருக்கு அருகில் இருக்கும் வீடுகளில் குளிர்காலத்திலும் விளக்கெரியும் வீடுகள் எத்தனை என்று கேட்டாள். 1980இல் டொர்குரொஸில் கட்டிய அந்தச் சுவர் யாரைக் காக்கிறது என்பதே அவள் அறிய விரும்பியது. நான் எத்தனை பட்டியல் போட்டிருந்தாலும் அந்தக் கேள்வி அதில் வந்திருக்காது.

தரவைக் குழுவாகத் திரட்டலாம். கேள்வி, பகுப்பாய்வு, முடிவு மூன்றும் தனித்தனி. இரவில் ஆய்வுக்கூடத்தில் எண்களைப் பதிந்து, ஸ்பியர்மன் முறையில் கணக்குப் பார்ப்போம். இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எளிய கணக்கு அது. எதிர்பார்த்த தொடர்பு பல பேருக்குக் கிடைக்காது. சிலர் கலங்கிவிடுவார்கள். தொடர்பு இல்லை என்பதும் ஒரு முடிவு, அதற்கான காரணத்தை எழுதினால் முழு மதிப்பெண்ணுக்கும் தகுதி உண்டு என்று அந்த மேசைகளைச் சுற்றி நடந்தபடி சொல்லிக்கொண்டே இருப்பேன். அதை அவர்கள் நம்பத் தொடங்குகிற இரவில் என் வேலை முடிகிறது.

பிரிட்டனில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புவியியல் களஆய்வுக்கான கடிதம் வந்தால், மருத்துவம், பொறியியல் படிக்கப்போகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். பயம் இருந்தால் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள். பணம் கஷ்டமாக இருந்தால் பிள்ளையைத் தடுக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. கையொப்பமிட்டு அனுப்பிவிடுங்கள். பிள்ளை திரும்பி வந்ததும், கடல் எப்படி இருந்தது என்று கேட்பதோடு, நீ என்ன கேள்வி எடுத்தாய் என்றும் கேளுங்கள்.